‘தானா அடங்கிடும்’ என்றவருக்கு

காலையில் ஒருவன் வந்து கேஸ் அடுப்புக்குப் புது டியூப் மாட்டிவிட்டுப் போனான். வீடு முழுக்க ரப்பர் வாசம். அணை வேலைக்குப் போய் வந்த நாளெல்லாம் உங்கள் உடம்பில் இதே வாசம்தான் வீசும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. உங்கள் மேல் எனக்குள்ள கோபமும் அப்படித்தான். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் போகவில்லை.

தண்ணீருக்கு அடியில் மதகுக் கதவுகளைப் பழுது பார்த்தீர்கள். கரையில் ஓடும் மிஷினிலிருந்து ஒரு ரப்பர் குழாய் உங்களுக்குக் காற்று கொண்டுவரும். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் தம்பி கையில். ஒரு தரம் சுண்டினால், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். விடாமல் சுண்டினால்தான் தூக்க வேண்டும்.

ஒரு நாள் சோறு எடுத்து வந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் வண்டல் சரிந்து தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. கயிறு அசையவில்லை. தம்பி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, இழுத்துடட்டுமா? மாமாவுக்கு இன்னா ஆச்சோ!"

"இழுக்காதடா. கொழாய் எங்கனா மாட்டியிருந்தா பிச்சிக்கும்னு அவரு சொல்லல?"

சொன்னேனே தவிர, என் உயிர் என்னிடம் இல்லை. வெகுநேரம் கழித்துக் கயிறு ஒரு தரம் சுண்டியது. நீங்கள் வேலையையும் முடித்துவிட்டுத்தான் ஏறினீர்கள்.

"கண்ணு தெரியலன்னா கையக் கால ஆட்டக் கூடாது. ஆட்டினா சேறு ஜாஸ்தியாவும். கதவப் புடிச்சிக்கினு மெதுவா மூச்சு விட்டா, தானா அடங்கிடும்" என்றீர்கள்.

"கயித்தச் சுண்டறதுக்கு இன்னா கேடு? நான் மேல செத்தே பூட்டேன்."

"அப்போ இந்தச் சோத்த யாரு போடறது?" என்று சிரித்தீர்கள்.

தண்ணீருக்குள் அது புத்தி. கரையிலும் அதையே வைத்துக்கொண்டீர்களே, அதை நான் மன்னிக்க மாட்டேன். நீங்கள் போன அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போகிறது. நீங்கள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். சட்டை முழுக்க வேர்வை.

"இன்னாங்க?"

"நெஞ்சு கொஞ்சம் அடைக்குது. தானா அடங்கிடும்."

"ஆட்டோ கூப்பிடறேன்."

"இந்தக் கூட்டத்துல எங்க வரும்? கம்முனு போய் காபி போடு."

முகத்தில் ஒரு சுளிப்பில்லை, குரலில் நடுக்கமில்லை. நம்பி அடுப்படிக்குப் போனேன். காபியோடு வந்தபோது நீங்கள் இல்லை. கம்பியைப் பிடித்த விரல்களை என் தம்பிதான் ஒவ்வொன்றாகப் பிரித்தான். வந்தவர்களெல்லாம் "கஷ்டமே படாம போனாரு" என்றார்கள். எவ்வளவு கஷ்டப்பட்டீர்களோ, யாருக்குத் தெரியும்? எனக்குக்கூடக் காட்டவில்லையே.

போன வாரம் பக்கத்து வீட்டு மும்தாஜ் நெஞ்சு எரிகிறது என்றாள். "ஒண்ணுமில்லக்கா, செரியாப் பூடும்" என்றாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததுதான் தெரியும். தெருவே கூடும்படி கத்தினேன். நடுரோட்டில் நின்று ஆட்டோவை மறித்து அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு வெறும் வாயு என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் திட்டினாள்: "ஊரையே கூட்டிட்டியேக்கா! என் மானமே போச்சு."

"போனா போவட்டும்" என்றேன். "திட்டறதுக்கு நீ இருக்கிற இல்ல?"