ஒற்றை நட்சத்திரம்

என்னங்க,

கிளினிக்கோட ஆன்லைன் பக்கத்துக்கான பாஸ்வேர்டை இந்தக் கடிதத்துக்குப் பின்னால எழுதியிருக்கேன். பக்கத்துலயே என்கிட்ட இருந்த நம்ம வீட்டுச் சாவியும் இருக்கு. இனிமே நீங்களேதான் பார்த்துக்கணும்.

உங்க கைராசியைப் புகழ்ந்து வந்த அஞ்சு நட்சத்திரப் பாராட்டுல முப்பது நான் எழுதினது. பல்லைப் பிடுங்கினதே தெரியலைன்னு விதவிதமான பேர்ல அளந்துவிட்டேன்.

போன மாசம் யாரோ ஒத்தை நட்சத்திரம் போட்டிருந்தாங்களே, ஞாபகமிருக்கா? "எதிர்ல உட்கார்ந்து அழுதாலும் டாக்டர் நிமிர்ந்து பார்க்க மாட்டார்"னு. ரெண்டு நாள் பேஷண்ட் லிஸ்ட்டைச் சலிச்செடுத்தீங்க. கடைசியில, "எவனோ வேண்டாதவன். பேர் கெட்டுடும், மன்னிப்புக் கேட்டு ஏதாவது போட்டுவிடு"ன்னீங்க. அப்பவும் போனைத்தான் பார்த்துக்கிட்டிருந்தீங்க.

போட்டேன். "உங்க மனசு நோகும்படி நடந்துகிட்டேன். மன்னிச்சிடுங்க. இன்னொரு வாய்ப்புக் கொடுங்க." படிச்சுக் காட்டினப்போ நல்லாயிருக்குன்னீங்க.

அந்த ஒத்தை நட்சத்திரமும் நான் போட்டதுதாங்க.

பதினாறு வருஷத்துல நீங்க என்கிட்ட கேட்ட ஒரே மன்னிப்பு அதுதான். அதையும் நானே டைப் பண்ணிக்கிட்டேன்.

இப்படிக்கு,
இத்தனை நாள் உங்க எதிர்ல உட்கார்ந்திருந்தவ