உப்பி வந்த கோதுமை ரொட்டி

திண்டுக்கல்,
12.8.1986

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டுக்காரரோடு திரும்பிப் போகச் சொல்லியிருந்தீர்கள்.

பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர் கோதுமை ரொட்டி சுடச் சொல்லிக்கொடுத்தார். மைதா சேர்க்காமல், மில்லில் அரைத்த முழுக்கோதுமை மாவு. வீட்டுக்காரர் முறுக்கிய இடது கை எனக்கு இன்னும் சரியாக மடங்கவில்லை. அதனால் ஒரு கையாலேயே பிசைந்தேன். முதல் இரண்டு ரொட்டியும் கல் மாதிரி இருந்தன. நேற்று ஈஸ்ட் கலந்த மாவைக் கூடுதலாக ஒரு மணி நேரம் பொங்கவிட்டேன். அடுப்பில் ஏற்றிய அண்டாவில் மணல் பரப்பி, அதில் மாவு வைத்த தட்டை இறக்கி மூடி, மூடிமேல் தணல் போட்டேன். ரொட்டி உப்பிச் சிவந்து வந்தது.

அதை வெளியே எடுக்கும்போது வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

“மச்சான்தான் அட்ரஸ் கொடுத்தாரு. கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார்.

“நான் வரலை. நீங்க போங்க” என்றேன்.

தெருவில் ஆள் நடமாட்டம் இருந்ததால் கை ஓங்காமல் போய்விட்டார்.

ரொட்டியை அறுத்துச் சூடாகவே தின்றேன். கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் யாருக்கும் எடுத்துவைக்காமல் நான் முதலில் சாப்பிட்டது நேற்றுத்தான்.

நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். அவரையும் அழைத்து வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை