மண்டாய்க்குப் போய் வந்தோம்

சேசு மரி சூசை துணை

ரேஸ் கோர்ஸ் ரோடு,
சிங்கப்பூர்.
23-8-1961

அன்பு மகள் பிலோமினாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. அம்மாவைப் பற்றி அப்படி எழுத இந்த முறை உண்மையான காரணம் இருக்கிறது.

நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த கப்பலில் வரப்போவதாக எழுதியிருந்தாய். தம்பி எங்களை விட்டுப் போன நாள் தொடக்கம் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, வாசல் தாண்டுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று நான் எழுதியது உன்னை எவ்வளவு உலைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுவதும் வாசி.

போன ஞாயிறு காலை நான் பூசைக்குப் போகச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். அம்மா சேலை உடுத்தி, தலை இழுத்து வாரி, முன்னால் வந்து நின்றாள். "இஞ்சாருங்கோ, இண்டைக்கு மண்டாய்க்குப் போவம். தம்பியைத் தண்ணியிலிருந்து தூக்கின ஆளை நான் பார்க்க வேணும்" என்றாள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். "நீங்கள் வராட்டில் நான் தனியப் போவன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டத் தொடங்கினாள்.

உனக்குத் தெரிந்ததுதான். சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் தம்பியைக் கரையேற்றியவர், பக்கத்தில் காய்கறித் தோட்டம் செய்யும் ஒரு சீனர் என்று மரண விசாரணையில் சொன்னார்கள். பெயரும் சொன்னார்கள். என் காதில் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் அவனை அடையாளம் காட்டியதோடு சரி. அந்தத் திசைக்கே நான் போனதில்லை.

இரண்டு பஸ் மாறி மண்டாய் ரோட்டில் ஒரு மளிகைக் கடை வாசலில் இறங்கினோம். அங்கிருந்து செம்மண் பாதை. ஒரு பக்கம் ரப்பர் மரங்கள், மறுபக்கம் லாலான் புல். சற்றுத் தூரம் போனதும் மரங்களுக்கு நடுவே தண்ணீர் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா நின்று நன்றாகப் பார்த்தாள். பிறகு "நடவுங்கோ" என்றாள்.

அந்தப் பக்கம் முழுவதும் தோட்டங்களும் பன்றிக் கொட்டகைகளும்தான். முதல் வீட்டில் நாய்கள் எங்களை வேலிக்கு அருகிலேயே விடவில்லை. அடுத்த வீட்டில் என் வெள்ளைச் சட்டையையும் காலில் போட்டிருந்த சப்பாத்தையும் பார்த்து, நிலத்தை அளக்க வந்த அரசாங்க ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெயில் ஏறிவிட்டது. அம்மாவின் கால் வீங்கி, செருப்பு வார் சதையை அறுத்தது. இன்னொரு நாள் வருவோம், திரும்பலாம் என்றேன். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். பின்னால் போவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

வாத்து மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அம்மாதான் மலாயில் கேட்டாள். தேக்கா மார்க்கெட்டில் மீன் விலை பேசிப் பழகிய மலாய்தானே, தடையில்லாமல் வந்தது. தண்ணீரில் போன இந்தியப் பையன், அவனைத் தூக்கியவர் என்று சொல்லிக்கொண்டு வந்தவள், கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டு, "என் மகன்" என்றாள். அந்தப் பெண் வாத்துகளை அப்படியே விட்டுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர் தோளில் காவடி போட்டு இரண்டு தகர வாளிகளில் கீரைப் பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆ செங் என்று பெயர். யார் வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் வாளிகளைக் கீழே வைத்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். நாங்கள் குற்றம் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார், பாவம். "நான் பிந்திவிட்டேன். கரையில் சட்டையைக் கண்டதும் ஓடினேன். பிந்திவிட்டேன்" என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மா கேட்டது வேறு. "போலீஸ் வரும்வரைக்கும் அவன் தனியாகவா கிடந்தான்?"

மகள், இந்தக் கேள்விதான் அவளை இவ்வளவு காலமும் தின்றுகொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்தும் நான் அறியவில்லை.

இல்லவே இல்லை என்றார் அவர். போலீஸ் வர வெகு நேரமானதாம். அவனைப் புல்லில் கிடத்தி, பக்கத்தை விட்டு எழும்பாமல் இருந்தாராம். வெயில் முகத்தில் விழுகிறது என்று அவர் மனைவி வீட்டுக்கு ஓடிப் போய் எண்ணெய்த்தாள் குடையைக் கொண்டுவந்து, வண்டி வந்து அவனை ஏற்றும்வரை பிடித்துக்கொண்டு நின்றாராம். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா உள்ளிருந்து தேத்தண்ணீர் கொண்டுவந்தார். உன் அம்மா கோப்பையை வாங்கவில்லை. அந்தக் கைகளைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "நான் செய்ய வேண்டியதை நீங்கள் செய்தீர்கள்" என்றாள். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். ஆ செங்கும் நானும் கீரைப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பையனின் பெயர் என்ன என்று அந்த அம்மா கேட்டார். நேசன் என்றாள் உன் அம்மா. "நேசாங்" என்று அவர் சொல்லிப் பார்த்தார். நம் வீட்டில் யாரும் சொல்லத் துணியாத பெயரை அம்மா சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு தரம் சொல்லித் திருத்திக் கொடுத்தாள்.

அதன்பின் அவனைக் கரையேற்றிய இடத்தைக் காட்டச் சொன்னாள். நான் தோட்டத்திலேயே இருக்கிறேன் என்றேன். வற்புறுத்தாமல் நடந்தாள். கொஞ்சத் தூரம் போனவள் திரும்பிப் பார்த்தபோது நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொன்னோம். பாதிக்கு மேல் அவள்தான் தனியே சொல்லி முடித்தாள். வந்த வழியே திரும்ப மாட்டேன் என்று சொல்லி, அந்த வீங்கிய காலோடு கரையை முழுதும் சுற்றித்தான் ரோட்டுக்கு வந்தாள்.

அன்று மாலை அடுப்பு மூட்டி, அவர்கள் கட்டிக் கொடுத்த கீரையைச் சமைத்து, என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகு உன் கடிதத்தை உரக்க வாசிக்கச் சொன்னாள். "படிப்பை விட்டிட்டு வந்தாளெண்டால் வாசல்ல வைச்சே திருப்பி அனுப்புவன் எண்டு எழுதுங்கோ" என்றாள். எழுதிவிட்டேன்.

நானும் அதையே சொல்கிறேன். எங்கள் கவலையை எங்களிடம் விட்டுவிடு. அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர்களில் எத்தனையோ பேரின் தாய்மார் வெகு தூரத்தில் இருப்பார்கள். அவர்களின் பக்கத்தில் நீ இரு. மாதா உன் கையைப் பிடித்து நடத்துவாளாக.

இப்படிக்கு,
உன் அப்பா,
அந்தோனிப்பிள்ளை

மிச்ச இடத்தில் அம்மா எழுதுகிறாள்:

பிள்ளை மினா,
அப்பா எல்லாம் எழுதிப் போட்டார். என்ர கால் வீக்கம் வத்தி விட்டது. அடுத்த மாதமும் மண்டாய்க்குப் போவம், அந்த அம்மாவுக்கு ஒரு சேலைத் துணி எடுத்து வைச்சிருக்கிறன். குளிருக்குக் கம்பளிச் சட்டை போடாமல் வெளியில போகாதே. படிச்சு முடிச்சு, நர்ஸ் உடுப்போட வந்து இறங்கு. அவசரப்படாதே மகள், நான் இருப்பன்.
அம்மா