ரெண்டு தரம்

மார்ச் 4

சலவைக்கடை வேலையில் இன்று இடுப்பு ஒடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் இவர் கண்ணாடி முன் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறார். நாளை ஏலக்கூடத்தில் பழைய மேசை நாற்காலிகள் ஏலம், இவர்தான் கூவ வேண்டும். மத்தியானம் இடது கண்ணில் திரை விழுந்த மாதிரி இருந்ததாம், பிறகு சரியாகிவிட்டதாம். உடனே டாக்டரிடம் போகலாம் என்றேன். ஏலம் முடியட்டும் என்கிறார். நான் சொல்லி இவர் என்றைக்குக் கேட்டிருக்கிறார்?

மார்ச் 5

ஏலத்துக்கு நடுவில் விழுந்துவிட்டார்.

மார்ச் 8

ஆஸ்பத்திரியில் இன்றுதான் எழுத உட்கார முடிந்தது. இவருக்கு வலது கை தொங்குகிறது. வாய் கோணியிருக்கிறது. பேச்சு போய்விட்டது என்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் ஒன்று மட்டும் வருகிறது. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." தண்ணீர் வேண்டுமா என்றாலும் அதுதான், வலிக்கிறதா என்றாலும் அதுதான். கணீரென்று அதே ஏலக்குரல். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார், பிறகு என் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கழுத்து வழியாக நாலு குழாய்கள் மூளைக்கு ஏறி, அடியில் ஒரு வளையமாகச் சேருமாம். ஒரு குழாய் அடைத்தாலும் வளையத்தைச் சுற்றிக்கொண்டு ரத்தம் வந்துவிடலாமாம். இவருக்கு வளையத்தைத் தாண்டிப் போய் அடைத்திருக்கிறது, அங்கே மாற்றுப்பாதை கிடையாது. கழுத்தின் இடது குழாயில் படிந்திருந்த கொழுப்பில் கட்டிய ரத்தம்தான் துண்டாகி மேலே போயிருக்கிறது. மிச்சம் இன்னும் அங்கேயே இருக்கிறது. குழாயைத் திறந்து சுரண்டி எடுக்காவிட்டால் மறுபடியும் அடைப்பு வரலாம். எடுக்கும்போதே வந்துவிடவும் கூடும், குறைவான பேருக்கு. சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்றார்.

இவர் இஷ்டம் என்றேன். என்ன பதில் அது! பேச முடியாத மனுஷன் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 9

இவருடைய அண்ணன் வந்தார். தம்பியின் காலடியில் உட்கார்ந்து அழுதார். வெளியே வந்ததும் என்னிடம், "அவனே மூணு தரம்னு சொல்லிட்டான். எல்லாம் முடிஞ்சிதுங்கறான். கத்தி வேணாம்மா, விட்டுடு" என்றார்.

அப்படித்தானோ? மூணு தரம் என்றால் அவர் தொழிலில் முடிந்ததுதானே. ஆபரேஷன் வேணும்னு சொல்லி ஏதாவது ஆயிடுச்சுன்னா, நான்தானே... வேணாம்னு சொல்லி ஆயிடுச்சுன்னா? அப்பவும் நான்தான்.

மார்ச் 10

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். இவர் அதை யோசித்துச் சொல்வதில்லையாம். இத்தனை வருஷம் கூவிய பழக்கத்தில் தானாக வருகிறதாம். சிலருக்கு எண்கள் மட்டும் வரும், சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும் வருமாம். நல்லவேளை, எங்கள் வீட்டில் ஏலத்தோடு போயிற்று.

நாம் பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது என்றாள். புரிந்தும் சொல்ல முடியாமல் கிடக்கிறார். பாவி மனுஷா.

மார்ச் 11

கண்டுபிடித்துவிட்டேன்! வார்த்தையில் ஒன்றும் இல்லை, நிறுத்துகிற இடத்தில் இருக்கிறது. டீ வேண்டுமா என்றேன். மூணு தரம் வரை ஓடிப்போய், ஏலச் சுத்தியல் அடிப்பதுபோல இடது கையால் கட்டில் கம்பியில் ஒரு தட்டு. ஊசி போட நர்ஸ் வந்தபோது "ஒரு தரம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், அடிமாட்டு விலை கேட்டவனைப் பார்ப்பதுபோல. சோதித்துப் பார்த்தேன். நான் உங்க அண்ணனா? "ஒரு தரம்." நான் உங்க பெண்டாட்டியா? மூணு தரம், தட்டு. சிரித்தேன், அழுதேன், எல்லாம் ஒன்றாக வந்தது.

மார்ச் 12

டாக்டரையும் அண்ணனையும் வைத்துக்கொண்டு கேட்டேன். எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லி, ஆபரேஷன் செய்யலாமா என்றேன்.

"ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்." அங்கேயே நின்றுவிட்டார். கை அந்தரத்தில் நிற்கிறது.

"பாத்தியா, வேணாங்கறான்" என்றார் அண்ணன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆனால் அவர் முகத்தைத் திருப்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏலக்கூடத்தில் இந்தப் பார்வையைப் பார்த்திருக்கிறேன். விலை கேட்க ஆசை இருந்தும் வாயைத் திறக்காமல் கடைசி வரிசையில் நிற்கிறவரை இப்படித்தான் பார்ப்பார். அந்த ஆள் விலை கேட்கும் வரை இவர் மூணு சொல்லமாட்டார்.

கடைசி வரிசையில் நின்றது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"எனக்கு நீங்க வேணும்" என்றேன். டாக்டர் இருக்கிறார், அண்ணன் இருக்கிறார், வெட்கமாவது ஒன்றாவது. "எப்படி இருந்தாலும் வேணும்."

"மூணு தரம்." கம்பியில் விழுந்த தட்டுக்கு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

மார்ச் 14

ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். எழுத வரவில்லை.

மார்ச் 23

வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. கழுத்தில் தையல் ஆறிவருகிறது. வலது கை இன்னும் அப்படியேதான். விடுப்பு முடிந்துவிட்டதால் இன்று பையை மாட்டிக்கொண்டு, அண்ணன் வந்து பார்த்துக்கொள்வார், சலவைக்கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன். உதட்டைக் குவித்தார், பிரித்தார், நெற்றி நரம்பு புடைத்தது. வழக்கமானதுதான் வரப்போகிறது என்று செருப்பை மாட்டினேன்.

"இரு" என்றார்.

கடைக்குப் போகவில்லை.