பொன்னுமணிக்குக் கிருமி இல்லை

போடிநாயக்கனூர்,
புதன்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா என்று விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் இதைப் படியுங்கள். நம் மகளுக்குக் கிருமி இல்லை! என் ரத்தத்தில் இருக்கும் காமாலைக் கிருமி பொன்னுமணிக்குத் தொற்றவே இல்லை. நேற்றுத் தேனி ஆஸ்பத்திரியில் ரிசல்ட் கொடுத்தார்கள். உங்கள் போனுக்கு அடித்து அடித்துப் பார்த்தேன். பார்டரில், அந்தப் பனிமலையில் எங்கே டவர் கிடைக்கப் போகிறது? அதனால்தான் கடிதம். கோழிக் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுக் காலையில் உங்கள் அம்மாவும் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். பிள்ளை உண்டாகி ரத்தம் சோதித்தபோதுதானே எனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதே தெரிந்தது. பிறந்த உடனே பொன்னுமணிக்கு இரண்டு தொடையிலும் ஊசி போட்டார்கள், பிறகும் போட்டார்கள். ஆனால் அது பலித்ததா என்று இப்போதுதான் பார்க்க முடியும் என்று சொல்லிவிட்டார்களே. டாக்டரம்மா பேப்பரைப் பார்த்துவிட்டு, கிருமி இல்லை, எதிர்ப்புச் சக்தியும் நன்றாக வந்திருக்கிறது என்றதும் நான் ஓவென்று அழுதுவிட்டேன். உங்கள் அம்மா பயந்துபோய், “என்னடி ஆச்சு, வெரசா சொல்லித் தொலை” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். சொன்னதுதான் தாமதம், ஆஸ்பத்திரி என்றும் பாராமல் குலவை போட்டுவிட்டார்கள்! நர்ஸ் ஓடி வந்து அதட்டியும் நிறுத்தவில்லை.

அத்தையின் சேதி இன்னொன்று உண்டு, பயப்படாதீர்கள். கொஞ்ச நாளாக அசதி, வலது விலாவுக்குக் கீழே கனக்கிறது என்றார்கள். டாக்டரம்மா அவர்களையும் ஸ்கேனுக்கு அனுப்பினார். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். “நான் கறி திங்கிறதே மாசத்துக்கு ஒருக்க, எனக்கு எங்குட்டுருந்து கொழுப்பு?” என்று அத்தை சண்டைக்கு நின்றார்கள். கறியால் இல்லை, சோறும் சீனி அள்ளிப் போட்ட டீயும்தான் என்று டாக்டரம்மா சொன்னதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

கூட்டம் குறைவாக இருந்ததால், ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று மாதிரியா என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். கிருமிகளோடு சண்டை போடவென்றே உடம்பில் அணுக்கள் உண்டாம். நான் பிறந்தபோதே கிருமி வந்துவிட்டதால், என் அணுக்கள் அதை வீட்டு ஆள் என்று நினைத்து விட்டுவிட்டன. என்றைக்காவது விழித்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினால் அடி ஈரலுக்கும் சேர்த்துத்தான் விழும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் நான் தவறாமல் சோதித்துக்கொள்ள வேண்டும். அத்தைக்கோ கிருமியே கிடையாது. ஆனாலும் கொழுப்பைப் பார்த்து அணுக்கள் கத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றனவாம். எதிரியே இல்லாத இடத்தில் சண்டை! அத்தையின் அணு வேறு எப்படி இருக்கும் என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். நீங்களும் அத்தையிடம் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள். நம் மகளுக்கு மட்டும் ஊசியில் கிருமியின் மேல்சட்டையை மட்டும் காட்டி, இந்தச் சட்டையோடு எவன் வந்தாலும் விடாதே என்று பழக்கியிருக்கிறார்கள். பட்டாளத்துக்காரர் மகள் இல்லையா, டிரெயினிங் பிரமாதமாக முடிந்துவிட்டது.

தட்டு, டம்ளரால் இது பரவாது, தூக்கிக் கொஞ்சுவதாலும் பரவாது என்று அத்தையைப் பார்த்தே சொன்னார் டாக்டரம்மா. என் தட்டில் அத்தை சிவப்பு நெயில் பாலீஷ் வைத்துத் தனியாக வைத்ததும், நான் பால் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சொல்லியும் கொடுக்க விடாமல், பிள்ளையைத் தன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டதும் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அத்தை பொன்னுமணியை என் மடியில் இறக்கி, “இந்தா, உன் மக. இனி ராவுல நீயே எந்திரிச்சுப் பாரு, எனக்கு ஒறக்கம் வேணும்” என்று முறைத்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கோபமே வரவில்லை மாமா. நேற்று அவளை அணைத்துக்கொண்டு படுத்தேன். என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

இன்றைக்கு விடிந்ததும் அத்தை சீனியில்லாத டீ குடித்து, ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகும் ஜீப்பில் ஏறுகிறவர்களை நிறுத்தி நிறுத்திப் பேத்தியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் நாளையிலிருந்து ஏலக்காய் ஸ்டோருக்கு வேலைக்குப் போகிறேன்.

மாமா, உங்களுக்கும் மூன்று ஊசி போட வேண்டும் என்று போன லீவிலேயே சொன்னேன். போட்டுக்கொண்டீர்களா? முடித்துவிட்டு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று பார்த்துவிட்டால் என்னால் உங்களுக்கு ஒன்றும் வராது. இதையும் நானேதான் டாக்டரம்மாவிடம் கேட்டேன், வெட்கத்தை விட்டு. போன தரம் முன்னறையில் பாய் போட்டுப் படுத்தீர்கள். புழுக்கம் என்றீர்கள். மார்கழி மாதம் அது. லீவு முடியுமுன்பே கிளம்பியும் போனீர்கள். பயமாக இருந்தால் பயம் என்றே எழுதுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

ஜக்கம்மா உங்களைக் காப்பாற்றட்டும். குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். பொன்னுமணியைச் சுவரோரமாகப் போட்டுப் பழக்குகிறேன். இந்தப் பக்கம் உங்களுக்கு.

உங்கள்,
பானுப்பிரியா.