தூசி விழுங்கிய ஒளி

லண்டன்,
மார்ச் 1984

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

தம்புள்ளை வீதிப் புழுதியில் உங்கள் லொறி விளக்கு மங்கிச் சிவந்து வருமே, அப்படித் தெரிந்த ஒரு நட்சத்திரத்தை இங்கே என் ஆய்வில் சூடு குறைந்தது என்று வகைப்படுத்தியிருந்தேன். நேற்று செயற்கைக்கோள் அனுப்பிய புறஊதா நிறமாலை வேறு கதை சொன்னது. இடையிலுள்ள விண்தூசி விழுங்கிய ஒளியைக் கணக்கிட்டுச் சேர்த்தால், சூரியனைவிட ஐந்து மடங்கு சூடான நீல நெருப்பு! எழுந்து நின்றுவிட்டேன். அது எப்போதும் அப்படித்தான் எரிந்திருக்கிறது. அந்த ஒளி நமக்குத்தான் முழுதாக வந்து சேரவில்லை.

கொஞ்சம் மிளகுத்தூள் அனுப்புங்கள். போன ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, "இங்க ஒண்ணும் பயமில்ல புள்ள" என்றே ஒவ்வொரு முறையும் எழுதுகிறீர்கள். அந்த வரியையும் நான் இப்போது இடையிலுள்ள தூசியைச் சேர்த்துத்தான் படிக்கிறேன்.

தபாலுக்கு நேரமாகிறது. உள்ளதை எழுதுங்கள், அத்தான்.

உங்கள்
புஷ்பராணி