இடது தோளுக்கு

அன்புள்ள மகராசிக்கு,

உன் வலது கண்ணைப் பற்றி டாக்டர் சொன்னதை உன் அக்கா போனில் சொன்னாள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

வேட்டைத் துப்பாக்கியை விற்றுவிடச் சொல்லியிருந்தாய். போன வாரம் அதைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன், விற்பதற்கு அல்ல. இடது தோளில் வைத்து இடது கண்ணால் குறி பார்க்கும்படி அதன் பின்புற மரக்கட்டையைச் செதுக்கி மாற்றச் சொன்னேன். கூட வந்த என் அண்ணன் கொதித்துப்போனார்.

"தாத்தா தொட்டு வர்ற பொருள்டா. அதுல கத்தி வைக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"பன்னிக்கூட்டம் வயலுக்குள்ள பூந்தப்ப நீங்களும் நானும் மரத்து மேல தொத்திக்கிட்டு இருந்தோம். தரையில நின்னு சுட்டது அவதானே அண்ணே?"

மறுநாள் கடைக்குப் போனால், உப்புத்தாளை வைத்துக் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருப்பது அண்ணனேதான்.

இன்று வேலை முடிந்தது. என் தோளில் வைத்துப் பார்த்தேன். உட்காரவே மாட்டேன் என்கிறது. இனி இந்தக் குடும்பத்தில் அதைச் சுடக்கூடிய ஆள் ஒருத்திதான். அவள் வரும்வரை எண்ணெய் போட்டு வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
குறி பார்க்கத் தெரியாத உன் வீட்டுக்காரன்